முளைத்ததைப் பிடுங்க மனம் வருமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டுத்தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே காட்சியைக் காண்கிறோம். வீட்டுக்குப் பின்புறம், கிணற்றடியை ஒட்டி ஒரு பாத்தி. வரம்பு அழகாகக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் தவறாமல் ஊற்றப்பட்டிருக்கும். அதற்குள் தக்காளியோ பீற்றூட்டோ புல்லுப்போல நெருங்கி, வெளிறிய இலையும் நூல்போன்ற தண்டுமாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். கன்றுக்குக் குறைவில்லை, காய்தான் இல்லை. "தந்த விதை சரியில்லை" என்பார் ஒருவர். "இந்த மண் எங்கட செம்மண் மாதிரி இல்லை" என்பார் இன்னொருவர். சில இடங்களில் அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான பாத்திகளில் பிடுங்க வேண்டிய நேரத்தில் பிடுங்காமல் விட்டதே குற்றம்.

விவசாயப் போதனாசிரியர்கள் இவ்வேலையை 'ஐதாக்கல்' என்பர். நெருக்கமாக முளைத்த நாற்றுக்களில் நல்லதை விட்டு, மிகுதியை அகற்றி, நிற்பவற்றுக்கு இடைவெளி கொடுப்பதுதான் அது. ஒரு பாத்திக்கு அரைமணி நேரம் போதும். ஒரு சதமும் செலவில்லை. அப்படியிருந்தும் வீட்டுத்தோட்டத்தில் மிகக் குறைவாகச் செய்யப்படும் வேலை இதுதான்.

ஏன் செய்வதில்லை? 'மக்களுக்குத் தெரியாது' என்று கூறிவிட்டுப் போவது உத்தியோகத்தர்களுக்குச் சுலபம். நான் அதை ஏற்பதில்லை.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் வெளிக்கிட்டது. அடுத்த ஆண்டு அச்சனங்களில் பெருந்தொகையானோர் வன்னியில் கொட்டில் போட்டிருந்தனர். அப்போது அக்கராயன் பக்கத்தில் ஒரு அம்மா, சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த கத்தரி விதையைக் கொட்டிலின் பின்னால் மேடை போட்டு விதைத்திருந்தார். அத்தனையும் முளைத்துவிட்டது. விரல் வைக்க இடமில்லை. "அம்மா, இதில பாதிக்கு மேல பிடுங்கி எறியவேணும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்களைப் பிடுங்கி எறிஞ்சது காணாதே, தம்பி? வேர் விட்டதை நான் என்னெண்டு பிடுங்குறது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று கிழமை கழித்துப் போனபோது மேடையில் பாதி வெறுமையாகக் கிடந்தது. கழுத்தடியில் அழுகி, ஓரிரு இரவில் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்துவிட்டன. நாற்றழுகல் என்னும் பங்கசு நோய். காற்றும் வெயிலும் புகாமல் ஈரம் தங்கி நிற்கும் நெருக்கமான நாற்றுமேடையில்தான் அது வேகமாகப் பரவும். அந்த அம்மாவைக் குறை கூற எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. பதில் சொல்லாமல் திரும்பி வந்தது என் பிழை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எமது விவசாயிகள் பயிரைத் தொடத் தயங்குபவர்கள் அல்லர். வலிகாமத்தில் புகையிலை செய்தவர் பூ வரும் சமயம் உச்சியை முறித்துவிடுவார். பக்கத்தில் வெடிக்கும் முளைகளையும் நாள்தோறும் கிள்ளி எறிவார். அவர் கை நடுங்கியதில்லை. முறித்தால்தான் இலை தடிக்கும் என்று தகப்பன் காட்டிக் கொடுத்திருந்தார். வெங்காயத்தில் ஐதாக்கும் வேலையே கிடையாது. காயை ஒவ்வொன்றாக விரல் இடைவெளியில் நடுவதால் நெருக்கம் முதலிலேயே தீர்ந்துவிடும். வன்னியில் நெல் செய்தவர் பழக்கம் வேறு. அவர் புழுதியில் வீசி விதைப்பவர். மழை பிந்தும், குருவி தின்னும் என்று கணக்குப் பார்த்து இரண்டு பிடி கூடவே வீசுவார். நெல்லுக்கு அது சரி. அடர்த்தி களையை அடக்கும். வெற்றிடம் இருந்தால் பக்கத்துப் பயிர் மட்டம் விட்டு அதை நிரப்பிக்கொள்ளும். அந்தக் கையே பீற்றூட் விதையையும் வீசும்போதுதான் சிக்கல் வருகிறது. பீற்றூட் மட்டம் விட்டு இடத்தை நிரப்பாது. நெருங்கினால் கிழங்கு வைக்காமல் இலையோடு நின்றுவிடும்.

ஆகவே, நாற்பது வருடம் தோட்டம் செய்தவரும் பத்தடிப் பாத்தியில் மரக்கறி போடும்போது ஒருவகையில் புதியவரே. இப்போது பல வீடுகளில் பாத்தியைப் பார்ப்பவர் தோட்டம் செய்த அந்த மனிதரும் அல்லர். அவர் இல்லாமற் போயிருப்பார், அல்லது கூலிக்குப் போயிருப்பார். மனைவியோ மகளோதான் பாத்தியடியில் நிற்கிறார். அவர்களுக்கு இவ்வேலையை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். பத்தடி நீளம், மூன்றடி அகலம் உள்ள பாத்தியில் தக்காளிக் கன்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுவரிசையில் நட்டால் ஏழு கன்று நிற்கும். "ஏழே ஏழோ?" என்று கேட்பீர்கள். அதே பாத்தியில் நாற்பது கன்று நிற்கக் கண்டிருக்கிறேன். பொதுக் கிணற்றிலிருந்து பிள்ளை பின்னேரம் இரண்டு வாளி தூக்கி வருகிறாள், இருபது லீற்றர். ஏழு கன்றுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று லீற்றர். நாற்பது கன்றுக்குப் பங்கிட்டால் அரை லீற்றர். வெயில் ஏறமுன் அது காய்ந்துவிடும். இட்ட எருவும் அப்படியே நாற்பதாகப் பிரியும். வெளிச்சத்துக்காக ஒன்றையொன்று முந்தி மேலே ஓடுவதால் தண்டு மெலிந்து, பூக்கும் முன்பே சாய்ந்துவிடும். நாற்பதுக்கும் அந்தப் பிள்ளை தூக்கிய தண்ணீர் வீண். கிணற்றடியில் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கும் இடங்களில் இது சிறிய விடயமல்ல.

எப்போது, எப்படிப் பிடுங்குவது? ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிடுங்கவேண்டாம் என்பது என் ஆலோசனை. முளைத்த கன்று யாவும் எமக்கல்ல. வெட்டுப்புழு, மழைக்கால நத்தை, அயல்வீட்டுக் கோழி எல்லாவற்றுக்கும் பங்குண்டு. எனவே இரண்டு தடவையாகச் செய்க. முதல் இரட்டையிலைக்குப் பிறகு உண்மையான இலை விரியும்போது, ஒன்றோடொன்று முட்டி நிற்பவற்றை மட்டும் அகற்றுக. நாலைந்து இலை வந்தபின் முழு இடைவெளிக்குக் கொண்டுவருக. இரண்டாந்தடவையைப் பிந்தவிட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளும். பிறகு ஒன்றைப் பிடுங்க மூன்று வரும்.

முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கிக்கொள்ளவேண்டும். வெயில் தாழ்ந்த நேரம் நல்லது. விடவேண்டிய கன்றின் அடியை இடக்கை விரல்களால் அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை மெல்ல இழுக்கவேண்டும். பயற்றை, வெண்டி, பாகல், புடோல் ஆகியவற்றில் இழுக்கவே வேண்டாம். தரைமட்டத்தில் பிளேட்டாலோ கத்தரிக்கோலாலோ நறுக்கிவிடுங்கள். நிற்கும் கன்றின் வேர் அசையாது. எதை விடுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மிக உயரமானதை விடாதீர்கள். நெருக்கத்தில் உயர்ந்து நிற்பது பல சமயம் மெலிந்த கன்றாகவே இருக்கும். கட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக நிற்பதே விடவேண்டிய கன்று.

பீற்றூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏமாற்றம் அதிகம் நடப்பது அதில்தான். நாம் 'ஒரு விதை' என்று எண்ணிப் போடும் அந்த முரடான உருண்டை உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்றைப் போட்டால் இரண்டு, மூன்று, சிலவேளை நாலு முளைக்கும். ஆகவே எவ்வளவு கவனமாக இடைவெளி விட்டு விதைத்தாலும் பீற்றூட்டில் ஐதாக்கல் தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு கொத்திலும் ஒன்றை விட்டு மற்றவற்றை எடுத்துவிடவேண்டும். கன்றுக்குக் கன்று கட்டைவிரலும் சேர்த்து ஐந்து விரல் அகலம், வரிசைக்கு வரிசை ஒரு அடி. முன்சொன்ன பத்தடிப் பாத்தியில் மூன்று வரிசையில் தொண்ணூறு கன்று நிற்கும். ஒரு கிழங்கு 100 கிராம் என்று குறைத்து வைத்தாலும் 9 கிலோ. ஐதாக்காத பாத்தியிலோ சுண்டுவிரல் தடிப்பில் வேர் மட்டுமே இருக்கும்.

எடுத்த பீற்றூட் கன்றை எறியவும் தேவையில்லை. வேர் முறியாமல் வந்தால் வெற்றிடத்தில் நடலாம், பிடிக்கும். நடமுடியாததைக் கழுவி அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கலாம். முள்ளங்கிக் கன்றும் அப்படியே, வறைக்கு நல்லது. கீரைப்பாத்தியைச் சொல்லவே தேவையில்லை. அங்கே ஐதாக்கலே முதல் அறுவடை. சாண் உயரம் வந்ததும் நெருக்கமானதை வேரோடு இழுத்துக் கறிக்கு எடுக்க, மிகுதி தடித்து வளரும். தாய்மார் சிலர், 'ஐதாக்கல்' என்ற சொல்லைக் கேளாமலே, இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைக் கறிக்கு எடுக்கவேண்டாம். சாயம் பூசிய விதை பக்கற்றில் மிஞ்சினால் பிள்ளைகள் கையிலும் கோழி வாயிலும் படாமல் வையுங்கள். அந்தச் சாயத்தோடு மருந்தும் இருக்கிறது.

கரட்டும் முள்ளங்கியும் பிடுங்கி நடுவதற்கு உதவா. ஆணிவேர் முறிந்தால் கிழங்கு கவடு விடும். இவற்றுக்கு ஒரு வழி, ஆரம்பத்திலேயே ஐதாக விதைப்பது. ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு காய்ந்த மணலைக் கலந்து வரிசையில் தூவினால் பிடுங்கும் வேலை பாதி குறையும். கரட்டுக்கு மூன்று விரல், முள்ளங்கிக்கு ஐந்து விரல் இடைவெளி விடுக.

நாற்றுமேடைக்கு வருவோம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் மேடையில் வீசி விதைக்கவேண்டாம். விதைக்குமுன் மேடையின்மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்தால், மேல்மண்ணிலுள்ள நோய்க்கிருமி பெரும்பாலும் சாகும். ஐந்து விரல் அகலத்துக்கு ஒரு கோடு கீறி, கோட்டில் ஐதாகப் போட்டு மூடவேண்டும். முளைத்தபின் கன்றுக்குக் கன்று ஒரு அங்குலமாவது இருக்கும்படி எடுத்துவிட்டால், நடும்போது வேரில் மண்ணோடு தூக்கலாம். தக்காளியை மூன்று நாலு கிழமையில் நடலாம். கத்தரிக்கு நாலு, மிளகாய்க்கு நாலைந்து கிழமை ஆகும். மேலே போட்ட கிடுகைக் கன்று முளைத்தபின் படிப்படியாக நீக்குக. அக்கராயனில் எரித்து விதைக்கவோ கோடு கீறவோ அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நடும் இடைவெளி தக்காளிக்கு ஒன்றரை அடி, கத்தரிக்கு இரண்டடி. மிளகாய்க்கு ஒன்றரை அடி, குழிக்கு இரண்டு கன்று; மிளகாயில் இரண்டு சேர்ந்து நிற்பது திணைக்களமே சிபார்சு செய்வது, அதைப் பிரிக்கவேண்டாம். வெண்டிக்கு இரண்டடி, குழிக்கு மூன்று விதை போட்டு ஒன்றோ இரண்டோ விடுக. பயற்றைக்கு ஒரு அடி. பூசணிக்குக் குழிக்குக் குழி எட்டடியாவது வேண்டும். குழிக்கு நாலைந்து விதை போட்டு இரண்டு கொடியை மட்டும் விடுக.

சொந்தமில்லாத காணியில் இருப்பவர்கள் உரப்பையில் நடுவது நல்லது. எழும்பச் சொன்னால் பையோடு கொண்டுபோகலாம். பைக்கு ஒரு தக்காளி, அல்லது ஒரு கத்தரி. ஒரு பைக்குள் நாலு கன்றை நட்டுவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டுபவர்களுக்கு நான் முகத்துக்காகக்கூட 'நல்லது' சொல்வதில்லை.

ஒரு கிராமத்தில் உபதேசியார் ஒருவர் என்னை மறித்து, களையையும் கோதுமையையும் அறுவடைமட்டும் சேர்த்து வளரவிடும்படி ஆண்டவர் சொன்ன உவமையை நினைவூட்டினார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது இதுதான்: அவ்வுவமை மனிதரைத் தீர்ப்பிடும் அவசரத்தைப் பற்றியது. மனிதரில் எதைப் பிடுங்குவது என்று தீர்மானிக்க எமக்கு உரிமையில்லை. தக்காளிப் பாத்தியில் அந்த உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது. வன்னியில் அந்த அம்மாவுக்கும் இதையே சொல்லியிருக்கவேண்டும். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது அநியாயம். தன் பாத்தியில் எது நிற்கும், எது போகும் என்று தானே தீர்மானிப்பது அநியாயமல்ல. இடம்பெயர்ந்த வாழ்வில் ஒருவருக்குத் தீர்மானிக்க மிஞ்சியிருக்கும் சொற்ப விடயங்களில் அது ஒன்று.

விதை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். அதில் எமது திருச்சபைப் பணியும் அடங்கும். நாம் பக்கற் எண்ணிக் கொடுக்கிறோம். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை பக்கற் என்று அறிக்கை எழுதுகிறோம். எத்தனை பாத்தியில் காய் வந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கற்றின் பின்புறத்தில் இடைவெளி ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும், அதுவும் சென்றிமீற்றரில். 2022 இல் நாட்டில் உணவு நெருக்கடி வந்தபோது அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். அப்போதும் பேச்செல்லாம் விதையைப் பற்றியும் பசளையைப் பற்றியுமே இருந்தது. முளைத்தபின் என்ன செய்வது என்று சொல்ல, விதைத்து இரண்டாம் மூன்றாம் கிழமையில் வீட்டு வாசலுக்கு ஒருவர் போகவேண்டும். அந்தப் பயணத்துக்கு எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கப்படுவதை நான் கண்டதில்லை. கொடுக்கும் பக்கற்றைப் பாதியாகக் குறைத்து, மிச்சக் காசில் அந்தப் பயணத்தைச் செய்தால் காய் கூடும் என்பதே என் உறுதியான எண்ணம். விதை அதிகமாகக் கிடைப்பதும் நெருக்கி விதைப்பதற்கு ஒரு காரணம்.

அந்தப் பயணம் வரும்வரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று. பத்தடித் தும்புக் கயிறு ஒன்றை எடுத்து, அரையடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியிலும் கட்டைகட்டிப் பாத்தியின் நீளத்துக்கு இழுத்துக் குத்துங்கள். பயற்றைக்கு இரண்டு முடிச்சு, தக்காளிக்கும் மிளகாய்க்கும் மூன்று, கத்தரிக்கும் வெண்டிக்கும் நாலு. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் எட்டு வயதுப் பிள்ளையும் அதைப் பார்த்துப் பிடுங்கலாம். கிழங்குப் பயிருக்குக் கயிறு வேண்டாம், விரல் போதும். தும்புக்கயிறு நனைந்தால் சற்றுச் சுருங்கும். ஆகவே முடிச்சுப் போடமுன் ஒருநாள் ஊறவைத்துக் காயவிடுங்கள். வேலை முடிந்ததும் பாத்தியிலேயே விட்டுவிடாமல் அடுப்படிக் கூரையில் செருகி வையுங்கள், காலபோகத்துக்கும் உதவும்.